கணக்கேட்டை 32 மணி நேரத்தில் மாற்றாதீர்கள்: மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைமைத் தொழில்நுட்ப அதிகாரிக்கும், தரவுத்தள மாற்றத்தை முடிவு செய்த மேலாண்மைக் குழுவினருக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். முதல் கட்ட மாற்றம் முழு வெற்றி என்கிறது. அந்த வெற்றியை வைத்து, இரண்டாம் கட்டத்தில் இருக்கும் கணக்கேடு, பில்லிங், நிலுவை மூன்றையும் ஒரே வார இறுதியில் ஆரக்கிள் என்ற கட்டணத் தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற தரவுத்தளத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறது. சனி இரவு 10 மணிக்குத் தொடக்கம், திங்கள் காலை 6 மணிக்கு முடிவு. இரண்டு தளங்களையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க ஒதுக்கியிருந்த 6 வாரம் நீக்கப்பட்டுவிட்டது. பழைய சர்வர்கள் பத்தாம் நாள் அணைக்கப்படும்.

இதே விஷயமாக மூன்று முறை உள் அஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரிதான் பதில். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் மாற்றத்துக்கு எதிரி இல்லை. இந்த நிறுவனத்தில் 14 ஆண்டுகளாகத் தரவுத்தளம்தான் என் வேலை. ஆரக்கிளுக்கு உரிமக் கட்டணம் கட்டி, அதன்மேல் ஆண்டுதோறும் அந்தக் கட்டணத்தில் 22 சதவீதத்தை ஆதரவுக்காகக் கட்டுவது எவ்வளவு பெரிய சுமை என்று எனக்குத் தெரியும். போஸ்ட்கிரெஸ் இன்றோ நேற்றோ வந்ததும் இல்லை. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வில் பிறந்து, 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பக்குவப்பட்ட தளம் அது. மாறலாம் என்று முதலில் அறிக்கை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த அறிக்கையில் சேர்த்து ஓட்டும் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை நீங்கள் ஏற்றுக்கொண்டதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் கட்டம் எப்படிப் போனது என்பதை உங்கள் அறிக்கை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் விவரமும் ஆர்டர்களும் மாறிய மறுநாள் காலை 7 மணி இருக்கும். கிடங்கிலிருந்து ஷிப்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "சார், முகவரியே இல்லாம ஸ்டிக்கர் அடிக்குது. பேரு இருக்கு, போன் நம்பர் இருக்கு, நடுவுல வெள்ளையா இருக்கு." எல்லா ஸ்டிக்கரும் அப்படி இல்லை. பத்தில் மூன்று நான்கு. எது சரியாக வரும், எது வெறுமையாக வரும் என்று அவர்களால் கணிக்கவே முடியவில்லை. பிரிண்டரில் கோளாறு என்று நினைத்து அவர்கள் இரண்டு பிரிண்டர்களை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். முகவரியின் முதல் வரி, இரண்டாம் வரி, ஊர் மூன்றையும் ஒட்டி ஒரே முகவரியாக்கும் ஒரு சின்ன குவெரி, அதாவது தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை, இருக்கிறது. இரண்டாம் வரி இல்லாத வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். ஆரக்கிளைப் பொறுத்தவரை வெற்றுச் சரமும் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) நல்லும் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்றுதான். ஒரு சரத்தோடு நல்லை ஒட்டினால் அந்தச் சரம் அப்படியே மிஞ்சும். போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு. ஒட்டும் துண்டுகளில் ஒன்று நல்லாக இருந்தாலும் மொத்த விடையும் நல்லாகிவிடும். அதாவது இரண்டாம் வரி இல்லாத வாடிக்கையாளருக்கு முகவரியே இல்லை. தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தின்படி போஸ்ட்கிரெஸ் செய்வதுதான் சரி. ஆனால் எங்கள் நிரல் 20 ஆண்டுகளாக ஆரக்கிள் செய்வதை நம்பி எழுதப்பட்டது.

சோதனையில் இது ஏன் சிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. சோதனைக் குழு புதிதாக வாடிக்கையாளர்களைப் பதிவு செய்து பார்த்தது. திரையில் இரண்டாம் வரியை நிரப்பாமல் விட்டால் செயலி வெற்றுச் சரத்தை அனுப்புகிறது. போஸ்ட்கிரெஸ் அதை வெற்றுச் சரமாகவே வைத்துக்கொள்கிறது, ஒட்டினால் ஒழுங்காக ஒட்டுகிறது. பழைய தளத்திலிருந்து வந்த ரெக்கார்டுகளில் மட்டும்தான் அந்த இடத்தில் நல் இருந்தது. புதிய தரவை வைத்து எத்தனை முறை சோதித்தாலும் தேறிவிடும். உண்மையான பழைய தரவை ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். சேர்த்து ஓட்டும் காலம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

அந்தக் காலை முழுக்கக் கிடங்கில் பொட்டலங்களின் மேல் கையால் முகவரி எழுதினார்கள். உங்கள் அறிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்தது இதைவிட மோசம். தரவு முழுதாக வந்துவிட்டது என்பதற்கு நீங்கள் காட்டும் ஆதாரம் ரெக்கார்டு எண்ணிக்கை. பழைய தளத்தில் எத்தனையோ புதிய தளத்திலும் அத்தனை, ஒன்றுகூடக் குறையவில்லை. உண்மைதான். ஆனால் ஆரக்கிளில் டேட் என்ற தரவு வகைக்குள் தேதியோடு மணி, நிமிடம், நொடியும் இருக்கும். போஸ்ட்கிரெஸில் டேட் என்றால் தேதி மட்டும்தான், நேரமும் வேண்டுமென்றால் டைம்ஸ்டாம்ப் போட வேண்டும். மாற்றித் தந்த வெளிநிறுவனம் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று சில டேபிள்களில் டேட்டை டேட்டாகவே மாற்றிவிட்டது. ஒரு ரெக்கார்டுகூடத் தொலையவில்லை, ஒவ்வொரு ரெக்கார்டிலும் நேரம் தொலைந்தது. ஒரே நாளில் ஆர்டர் போட்டு, ரத்து செய்து, மறுபடி போட்டவர்களுக்கு எது முன், எது பின் என்று தெரியாமல் போனது.

ஐந்தாம் நாள்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. இரண்டு இரவு உட்கார்ந்து நேரத்தையெல்லாம் மீட்டோம். எங்கிருந்து மீட்டோம்? பழைய ஆரக்கிள் சர்வரை அப்போது யாரும் அணைக்கவில்லை. அதிலிருந்துதான். இந்த முறை பத்தாம் நாள் அணைக்கப்போகிறீர்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் புரொசீஜர்கள் (தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்கள்) கணக்கேட்டில் 40க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒரு தவறு இருந்தால் அது தலைகாட்டும் நேரத்தில், ஒப்பிட்டுப் பார்க்கவோ மீட்டெடுக்கவோ பழைய தளம் இருக்காது.

கணக்கேட்டில் என்ன காத்திருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். முன்பு பார்த்ததைவிடச் சிக்கலான சங்கதிகள் இவை.

எங்கள் பில்லிங் நிரல் ஒரு வழக்கத்தில் ஓடுகிறது. ஒரு ரெக்கார்டைச் சேர்க்க முயலும். ஏற்கெனவே இருந்தால் பிழை வரும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆரக்கிளில் பிழை அந்த ஒரு கட்டளையோடு நின்றுவிடும், பரிவர்த்தனை (ஒன்றாக முடியவோ ஒன்றாக ரத்தாகவோ வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) தொடரும். போஸ்ட்கிரெஸில் ஒரு கட்டளையில் பிழை வந்தால் பரிவர்த்தனையே முறிந்துவிடும், ரோல்பேக் செய்யும் வரை, அதாவது செய்ததைத் திரும்பப் பெறும் வரை, வேறு எதையும் ஏற்காது. இதைச் சமாளிக்க வெளிநிறுவனம் ஒவ்வொரு சேர்ப்புக்கும் முன்னால் ஒரு சேவ்பாயிண்ட், அதாவது பிழை வந்தால் அதுவரை மட்டும் திரும்பி வர ஓர் அடையாளம், போட்டிருக்கிறது. ஒரு பரிவர்த்தனைக்குள் ஆயிரக்கணக்கில் சேவ்பாயிண்ட். ஒவ்வொரு சேவ்பாயிண்டும் உள்ளே ஒரு துணைப் பரிவர்த்தனையைத் திறக்கிறது. ஒரு இணைப்பில் 64 துணைப் பரிவர்த்தனைகள் வரைதான் போஸ்ட்கிரெஸ் கைவசக் குறிப்பில் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் எந்த ரெக்கார்டு யார் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்ய மற்ற இணைப்புகளும் வட்டுக் கோப்பைத் தேடிப் போக நேரும். ஒருவர் ஓட்டிப் பார்த்தால் வேகமாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில் எல்லோரும் ஒன்றாக வந்தால் தளமே திணறும்.

நான் கற்பனையில் பயமுறுத்தவில்லை. கூட்டத்தில் நீங்கள் "அமேசானே மாறிவிட்டது" என்றீர்கள். மாறியது, உண்மை. ஏறக்குறைய 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களில் இருந்த 75 பெட்டாபைட் தரவை நகர்த்தி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தார்கள். 100க்கும் மேற்பட்ட குழுக்கள், ஒவ்வொன்றும் தன் தரவுத்தளத்துக்குத் தானே பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. அதற்கு முந்தைய ஆண்டு பிரைம் டே விற்பனையின்போது அவர்களுடைய ஒரு பெரிய கிடங்கில் வேலை தடைபட்டது. அமேசானின் சொந்தத் தரவுத்தளமான அரோரா போஸ்ட்கிரெஸ் சேவ்பாயிண்ட்டைக் கையாளும் விதம் ஆரக்கிளிலிருந்து வேறுபடுவதை அதோடு தொடர்புபடுத்தி ஓர் உள் அறிக்கை இருந்ததாக 2018 அக்டோபரில் சிஎன்பிசி செய்தி வெளியிட்டது. அந்தச் செய்தியின் முடிவை அமேசான் தரப்பு மறுத்தது. சரி, அந்த விவாதம் நமக்கு வேண்டாம். தரவுத்தளத்தைத் தானே உருவாக்கி விற்கும் நிறுவனத்துக்கே இது பேசுபொருள் ஆனதென்றால், நம் பில்லிங்கில் அதே சேவ்பாயிண்ட் ஆயிரக்கணக்கில் கிடப்பதை நாம் சோதிக்காமல் விடலாமா என்பதுதான் என் கேள்வி. ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு என்று ஒரே கட்டளையில் சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நிரலை அப்படி மாற்றி எழுத மூன்று வாரம் கேட்டோம், தரவில்லை.

நேரத்தைக் கேட்கும் முறையும் ஒரு சிக்கல். ஆரக்கிளில் சிஸ்டேட் என்று கேட்டால் அந்த நொடியின் நேரத்தைச் சொல்லும். அதற்குப் பதிலாகப் போட்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் நவ், பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தையே கடைசி வரை சொல்லும். இரவு 11 மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஓடும் நிலுவைக் கணக்கு, 12 மணிக்கு மேல் எழுதும் ரெக்கார்டுகளிலும் முந்தைய நாள் தேதியையே போடும். ஒரு நாள் வட்டி, ஒரு நாள் தாமதக் கட்டணம் எல்லாம் இதில் இருக்கிறது. நிரலில் சிஸ்டேட் வரும் இடங்கள் ஆயிரத்துக்கு மேல். எதில் நவ் போதும், எதில் கூடாது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் சொல்ல முடியும். இதுவரை பாதிகூடப் படித்து முடியவில்லை.

அப்புறம், தளத்தைப் பராமரிக்கப்போகும் ஆட்கள். எங்கள் குழுவில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஆரக்கிளில் வளர்ந்தவர்கள். ஒரு ரெக்கார்டைத் திருத்தினால் ஆரக்கிள் பழைய மதிப்பை அண்டூ என்ற தனி இடத்தில் வைக்கும். போஸ்ட்கிரெஸ் பழைய பிரதியை அந்த டேபிளுக்குள்ளேயே விட்டுவைக்கும், வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்துதான் அந்த இடத்தை விடுவிக்க வேண்டும். யாராவது ஓர் அறிக்கைக்காகப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் வேக்கத்தால் அந்தப் பிரதிகளை எடுக்க முடியாது. முதல் கட்டத்தில் இதுவே நடந்தது. ஆர்டர் டேபிள் நான்கு நாளில் மும்மடங்கு வீங்கியது. வட்டு நிரம்புகிறது என்ற எச்சரிக்கை வந்த பிறகுதான் ஏன் என்று தேடினோம். குழுவில் யாரும் சோம்பேறி இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. இரண்டு நாள் இணையவழி வகுப்புதான் நீங்கள் தந்த பயிற்சி.

மற்ற நிறுவனங்களின் அனுபவத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஏறக்குறைய ஒரே வீச்சில் புதிய தளத்துக்கு மாற்றியது. தரவு வந்து சேர்ந்தது. தளம்தான் சுமையைத் தாங்கவில்லை. மக்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள், எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட் அபராதம் விதித்தன. மறு ஆண்டு, அப்போது தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம் வந்தது. அது தரவுத்தளம் மட்டும் சார்ந்த மாற்றம் அல்ல, முழு வங்கித் தளத்தின் மாற்றம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் என்ற திட்டம் நம்முடையதைப் போன்றதே.

பேக்கப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை போஸ்ட்கிரெஸ் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது, தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய பிரதி இல்லவே இல்லை. தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது, எச்சரிக்கை அஞ்சல் யார் கண்ணுக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதை நான் மதிக்கிறேன். நம் புதிய தளத்தின் பேக்கப்பை இதுவரை ஒரு முறைகூட மீட்டுப் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் காரணம் செலவு. ஆறு வாரம் இரண்டு தளங்களையும் ஓட்டினால் ஆகும் செலவை நானும் கணக்குப் போட்டேன். குறைவில்லைதான். ஆனால் முதல் கட்டத்தின் தவறுகளைச் சரிசெய்ய எங்கள் எட்டுப் பேரும், கிடங்கும், வாடிக்கையாளர் சேவையும் கூடுதலாக உழைத்த மணிகளை எந்தக் கணக்கிலும் நீங்கள் சேர்க்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனை வராந்தாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்து குவெரி திருத்தினார். அதையும் "முழு வெற்றி"க்குள் சேர்த்திருக்கிறீர்கள்.

நான் கேட்பவற்றை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

அறிவித்த வார இறுதியைத் திரும்பப் பெறுங்கள். கணக்கேடு, பில்லிங், நிலுவை மூன்றையும் தனித்தனியாக, ஒன்று நிலைபெற்ற பிறகு அடுத்தது என்று மாற்றுங்கள். நிலுவையில் தொடங்கலாம், அது சிறியது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு தளங்களையும் ஒரே உண்மையான தரவில் சேர்த்து ஓட்டுங்கள். அந்தக் காலத்துக்குள் குறைந்தது ஒரு மாத முடிவும் ஒரு காலாண்டு முடிவும் வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, திரும்பி வரும் வழி. மாற்றிய பிறகு போஸ்ட்கிரெஸில் எழுதப்படும் ஒவ்வொரு ரெக்கார்டும் பழைய ஆரக்கிளுக்கும் போய்ச்சேரும்படி எதிர்திசைப் பிரதியாக்கம் அமைக்க அனுமதி கொடுங்கள். ஒரு காலாண்டு முழுதாக முடிந்து, இரண்டு தளங்களின் தொகைகளும் காசு பிசகாமல் ஒத்துப்போன பிறகு பழைய சர்வரை அணையுங்கள். அதுவரைக்கான ஆதரவு ஒப்பந்தத்தை நீட்டுங்கள்.

ரெக்கார்டு எண்ணிக்கையை மட்டும் ஆதாரமாக ஏற்காதீர்கள். ஒவ்வொரு டேபிளிலும் ஒவ்வொரு நெடுவரிசையின் மதிப்பும் ஒப்பிடப்பட வேண்டும். வாடிக்கையாளர்வாரியாக நிலுவைத் தொகை ஒப்பிடப்பட வேண்டும். அந்த அறிக்கையில் வெளிநிறுவனத்தோடு எங்கள் குழுவும் கணக்குத் துறையும் கையெழுத்திட வேண்டும்.

மாற்றும் இரவில் நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தை மூன்று பேருக்கு எழுத்தில் கொடுங்கள்: தரவுத்தளக் குழுவில் ஒருவர், கணக்குத் துறையில் ஒருவர், வாடிக்கையாளர் சேவையில் ஒருவர். மூவரில் யார் சொன்னாலும் நிற்க வேண்டும். சொன்னவர் மேல் பிறகு எந்த நடவடிக்கையும் கூடாது.

பேக்கப்பிலிருந்து புதிய தளத்தை முழுதாக மீட்டு, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எங்கள் கண்முன் ஒரு முறை காட்டாமல் எந்தத் தேதியும் அறிவிக்க வேண்டாம். எட்டுப் பேருக்கும் முறையான பயிற்சி வேண்டும். முதல் ஆறு மாதம் போஸ்ட்கிரெஸை நடத்திப் பழகிய இருவரை எங்களோடு உட்கார வையுங்கள்.

கடைசியாக, முதல் கட்டத்தில் நடந்த தவறுகளின் முழுப் பட்டியலை எல்லா ஊழியர்களுக்கும் வெளியிடுங்கள். பட்டியல் என்னிடம் இருக்கிறது, 61 உருப்படிகள், தேதியும் காரணமும் திருத்தமும் சேர்த்து. கேட்ட அன்றே தருகிறேன். அந்தக் காலை கையால் முகவரி எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மாற்றத் தேதிக்கு இன்னும் 23 நாள் இருக்கிறது. இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும், ஏற்கிறோமா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தரவுத்தளக் குழுவில் ஒருவன்